பச்சை அட்டைக்குள்ளே யாரு?

வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கா? மூலையில் தூசி தின்றுகொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றும் இருந்தால் கொண்டாட்டம்தான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே செருகியிருக்கும் பச்சை அட்டைகளில் நெட்வொர்க் வயர் போகும் ஓட்டை எதில் இருக்கிறதோ அதை மெல்ல உருவுங்கள். கறுப்பாக, சதுரமாக, சுற்றிலும் வெள்ளிக் கால்களோடு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். அதுதான் இன்றைய கதாநாயகன்.

நெட்வொர்க் சாமான் செய்யும் கம்பெனி என்றால் நமக்கெல்லாம் சட்டென்று வாயில் வருவது சிஸ்கோ, டி-லிங்க், டிபி-லிங்க். அவர்களெல்லாம் பெட்டியின் மேல் பெயர் போடுகிறவர்கள். பெட்டிக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் பெயர் போடுகிறவர்கள் தனி ரகம். அந்த ரகத்தில் ஒரு பெரிய தலை, நம்ம மலாக்காவில், பத்து பெரண்டாம் விமான நிலையம் இருக்கும் அதே வட்டாரத்தில், பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கிறது! டுரியான் துங்கலிலிருந்து டவுனுக்குப் போகிற எத்தனையோ பேர் அந்த வேலிக் கம்பியைக் கடந்திருப்பார்கள். ஷிப்டு பஸ் நிற்கும், பெண்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் "எலக்ட்ரானிக் பெக்டரி" என்ற ஒரே பதில்தான்.

அந்தக் கம்பெனியின் பெயர் நேஷனல் செமிகண்டக்டர். இப்போது வாசலில் வேறு பெயர்ப் பலகை. அது எப்படி மாறியது என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் ஆட்டுக் கதை!

1959-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊரில், ஸ்பெர்ரி ராண்ட் கம்பெனியிலிருந்து பெர்னார்ட் ராத்லைன் என்பவர் சில சகாக்களோடு வெளியேறி ஆரம்பித்ததுதான் நேஷனல். பழைய முதலாளி சும்மா இருப்பாரா? வழக்குப் போட்டார். கொஞ்ச காலம் தட்டுத் தடுமாறிய பிறகு, 1967-ல் சார்லி ஸ்போர்க் உள்ளே வந்தார். ஃபேர்சைல்ட் கம்பெனியில் உற்பத்தியை ஆட்டிப் படைத்தவர். வந்ததும் தலைமையகம் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவுக்குப் போனது. ஸ்போர்க்கின் சிக்கனம் சிலிக்கான் பள்ளத்தாக்கு முழுவதும் பிரசித்தம். நேஷனல்காரர்களை அங்கே 'மிருகங்கள்' என்றே கூப்பிட்டார்களாம், வேலையில் அவ்வளவு முரடர்கள்.

சிக்கனம் எதுவரைக்கும் போனது என்றால், ஆபீஸ் முன்னால் புல் வெட்டும் செலவையும் விட்டு வைக்கவில்லை. புல் முட்டளவு வளர்ந்தது. அங்கே பாப் விட்லர் என்று ஒரு மேதை. மின்சுற்று வடிவமைப்பில் சூரர், குடியிலும் சூரர். 1970-ல் ஒரு நாள் தன் மெர்சிடிஸ் காரில் ஓர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்து ஆபீஸ் புல்வெளியில் மேய விட்டுவிட்டார்! அமெரிக்காவில் இதைப் பெரிய புரட்சியாக இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பால்மரத்துக்கு அடியில் ஆடு மேய்த்துக் களை எடுத்த நம்ம ஆட்களிடம் சொன்னால், "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்பார்கள்.

அதே விட்லரின் இன்னொரு சேட்டை: அறைக்குள் யாராவது சத்தமாகப் பேசினால், அந்தச் சத்தத்தைப் பிடித்துக் காதைத் துளைக்கும் கீச்சொலி எழுப்பும் ஒரு சுற்று. கத்திப் பேசுகிற மேலாளர் தலைவலி வந்து தானே வாயை மூடிக்கொள்வார். இதைக் கடையில் வைத்து விற்றிருந்தால் நம்ம ஊர்க் கூட்டங்களுக்கே ஆயிரக்கணக்கில் போயிருக்கும்.

சரி, இவர்கள் மலாக்காவுக்கு எப்படி வந்தார்கள்? ஸ்போர்க் ஃபேர்சைல்டில் இருந்த காலத்திலேயே, 1960களின் தொடக்கத்தில், ஹாங்காங்கில் சிப் பொருத்தும் ஆலை திறக்கப்பட்டது. சிலிக்கான் தகட்டை அமெரிக்காவில் செய்வது, விமானத்தில் ஏற்றிக் கூலி குறைந்த ஊருக்கு அனுப்பி அறுத்துக் கோத்து மூடிப் பரிசோதிப்பது, திரும்ப விமானத்தில் கொண்டுவருவது. சிப் எடை குறைவு, விலை அதிகம். விமானக் கூலி கட்டுபடியானது. மலேசியா 1971-ல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் கொண்டுவந்ததும் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு வந்து இறங்கிய முதல் எட்டுக் கம்பெனிகளில் நேஷனலும் ஒன்று. அந்த எட்டுப் பேரையும் பினாங்கில் 'எட்டு சாமுராய்' என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மலாக்காவுக்கு அந்தப் பட்டம் எல்லாம் கிடையாது. ஆனால் 1970களிலேயே பத்து பெரண்டாமில் நேஷனலின் ஆலை எழுந்துவிட்டது. பக்கத்திலேயே 1973-ல் சீமென்ஸ் வந்தது, அதுதான் பின்னால் இன்ஃபினியன் ஆனது. பினாங்குக்காரர்கள் கொஞ்சம் சத்தம் அதிகம் போடுவார்கள், நாம் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நெட்வொர்க் எங்கே வந்தது? இதோ!

1973 மே 22. ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக் கூடத்தில் பாப் மெட்கால்ஃப் ஒரு குறிப்பு எழுதினார். கணினிகளை எல்லாம் ஒரே கம்பியில் கோத்துப் பேச வைப்பது எப்படி என்பதற்கான யோசனை. அதற்கு அவர் வைத்த பெயர் ஈதர்நெட். 1979-ல் அவர் த்ரீகாம் கம்பெனியைத் தொடங்கினார். 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து வரையறையை வெளியிட்டன, 1983-ல் அது பொதுத் தரம் ஆனது.

அந்தப் பழைய ஈதர்நெட்டைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டாம், தோட்டத்து லயத்தில் பிறந்திருந்தால் போதும். லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் வீட்டில் அம்மா மகனைத் திட்டினால் ஆறாவது வீட்டுத் தாத்தாவுக்கும் கேட்கும். ஆனால் யார் பெயரைச் சொல்லித் திட்டுகிறாரோ அவன் மட்டும்தான் எழுந்து ஓட வேண்டும். பழைய ஈதர்நெட் கம்பியும் அப்படித்தான். எல்லாக் கணினிக்கும் எல்லாமே கேட்கும். ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் முன்னாலும் ஆறு பைட் முகவரி இருக்கும், அது தன்னுடையது இல்லை என்றால் அட்டை அதைக் கண்டுகொள்ளாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டால்? இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு குருட்டாம்போக்கு நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். பதினாறு தடவை முயன்றும் முடியவில்லை என்றால் கைவிட வேண்டியதுதான். மனிதர்களுக்கு இந்த விதி இல்லாதது பெரிய குறை.

இந்த வேலையை எல்லாம் செய்ய 1980களின் நடுவில் நேஷனல் மூன்று சிப்புகளைக் கொண்டுவந்தது. டிபி8390, டிபி8391, டிபி8392. முதலாவதுதான் மூளை. யார் முகவரி, எப்போது பேசலாம், மோதல் வந்தால் என்ன செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. இரண்டாவது, பூஜ்யத்தையும் ஒன்றையும் நேரக் கணக்கோடு பின்னி அலையாக மாற்றும். மூன்றாவது நேராகக் கம்பியோடு உறவாடும். முன்பு ஓர் அட்டை நிறையச் சின்னச் சின்னச் சாமான்களை நெருக்கி வைத்துச் செய்த வேலையை இந்த மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சிப்பை விற்கிற கம்பெனி, "இப்படி இப்படிக் கோத்தால் அட்டை தயார்" என்று ஒரு மாதிரி வரைபடமும் போட்டுத் தருவது வழக்கம். நேஷனலும் போட்டது. யூட்டா மாநிலத்து நோவெல் கம்பெனி அதைப் பார்த்தது. அவர்கள் விற்றது நெட்வேர் என்ற மென்பொருள். நெட்வொர்க் அட்டை மலிவாக இருந்தால்தானே மென்பொருளை நாலு பேர் வாங்குவார்கள்? மாதிரிச் சுற்றைப் பெரிதாக மாற்றாமல் அட்டையாக அச்சடித்து விலையைக் குறைத்து விட்டார்கள். முதலில் என்இ1000, அடுத்து 16 பிட் என்இ2000.

அவ்வளவுதான்! பூட்டு உடைந்தது. தைவானில் ஆளாளுக்கு அதே அட்டையைச் செய்தார்கள். ரியல்டெக், வின்பாண்ட், வியா என்று சிப்பையே நகல் எடுத்தவர்களும் உண்டு. 'என்இ2000 கம்பேட்டிபில்' என்று பெட்டியில் போட்டிருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1990களின் கடைசியில் நம்ம டவுன்களில் சைபர் கஃபே முளைத்த நேரத்தில் இந்த ரக அட்டைகள் உலகமெங்கும் கொட்டிக் கிடந்தன. ஐஆர்க்யூ எண் மோதி, இரவெல்லாம் அட்டையின் ஜம்பரை மாற்றி மாற்றிச் செருகிய அண்ணன்மார் இதைப் படித்தால் இப்போது ஒரு பெருமூச்சு விடுவார்கள். கோஆக்ஸ் கம்பி காலத்தில் இன்னொரு கூத்து. கம்பியின் இரண்டு முனையிலும் 50 ஓம் குமிழ் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். கூட்டுகிற அக்கா துடைப்பம் பட்டு அதைத் தட்டிவிட்டால் ஆபீஸ் மொத்தமும் ஊமை!

டிபி8390க்கு ஒரு பலவீனமும் இருந்தது. வந்து குவியும் பொட்டலங்களை வட்டமாக ஓடும் ஒரு நினைவிடத்தில் போட்டு வைக்கும், அளவு நிரம்பி வழிந்தால் திணறிவிடும். அப்போது அதை நிறுத்தி, 1.6 மில்லி நொடி பொறுத்து, மறுபடி கிளப்ப வேண்டும் என்று நேஷனலே கையேட்டில் முறை எழுதியது. இந்த 1.6ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

வாங்க, இப்போது வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே நுழைவோம். சிப் பொருத்தும் ஆலை எந்த ஊரில் இருந்தாலும் வாசல் சட்டம் ஒன்றுதான். தலைக்கு முக்காடு, வாய்க்குத் துணி, கைக்கு உறை, காலுக்குத் தனிச் செருப்பு. முகப் பவுடர்? ஊஹும். ஒரு பவுடர் துகள் சிப் மேல் விழுந்தால் அதன் கண்ணுக்கு அது பாறாங்கல். தலையில் மல்லிகை, கையில் வளையல் எல்லாம் லாக்கரோடு சரி. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் வயரைத் தரையோடு இணைத்துவிடுவார்கள். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்பைப் பொசுக்காமல் இருக்க.

தகடு வந்து சேரும், வட்டமாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று. ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் சிப் இருக்கும். முதுகைத் தேய்த்து மெலிதாக்கி, வைரத் துகள் பதித்த வட்ட வாளால் குறுக்கும் நெடுக்கும் அறுப்பார்கள். அறுபட்ட ஒவ்வொரு துண்டையும் காற்றால் உறிஞ்சித் தூக்கி உலோகச் சட்டத்தில் பசை வைத்து ஒட்டுவது அடுத்த வேலை. அடுத்துதான் மாயம்! தங்கக் கம்பி. அதன் பருமன் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் பாதிகூட இல்லை. கம்பி நுனியில் ஒரு தீப்பொறி தட்டும், நுனி உருகிக் குட்டி உருண்டையாகும். அந்த உருண்டையைச் சூடும் நுண்ணதிர்வும் கொடுத்துச் சிப் மேல் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து வளைத்து இழுத்துச் சட்டத்தின் காலில் மறுமுனையை ஒட்டி அறுக்க வேண்டும். ஒரு கால் முடிந்தது. இப்படி நாற்பது, ஐம்பது, நூறு கால்.

இன்றைக்கு இதை மெஷின் செய்கிறது, நொடிக்குப் பத்துக்கும் மேல். கண் சிமிட்டினால் ஒரு வரிசை முடிந்திருக்கும். தங்கம் விலை ஏறியதும் பல இடத்தில் செம்புக் கம்பிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் 1970களில்? மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒவ்வொரு கம்பியையும் ஒரு பெண் கையால் ஒட்டினாள். ஷிப்டு முழுவதும். கண்ணாடி போடாத இளம் பெண்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்ததன் ரகசியம் இதுதான். சில வருஷத்தில் கண் மங்கினால் வேறு பிரிவு, அல்லது வீடு. உலகக் கணினித் தொழிலின் பெருமைக் கதைகளில் இந்தக் கண்களைப் பற்றிய அத்தியாயம் ரொம்ப மெலிசு, எனக்கு அதில் கோபம் உண்டு.

கம்பி கோத்த பிறகு கறுப்புப் பிசின். சுமார் 175 டிகிரி சூட்டில் அச்சுக்குள் பாய்ச்சி இறுக வைப்பார்கள். கால்களுக்கு ஈயம் கலக்காத வெள்ளீயப் பூச்சு, மடிப்பு, லேசர் எழுத்து. கடைசியில் பரிசோதனை மேடை. சூட்டில் வேலை செய்கிறதா, குளிரில் வேலை செய்கிறதா என்று மின்சாரம் கொடுத்துக் கேள்வி கேட்கும் மெஷின். பாஸானதெல்லாம் நாடாவில் ஏறி, சக்கரமாகச் சுற்றப்பட்டு, பெட்டிக்குள். பெயிலானது குப்பைக்கு. மேல்முறையீடு கிடையாது.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் கம்பத்து மலாய்ப் பெண்கள். அவர்களோடு டவுன் சீனப் பெண்கள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். மலாக்கா மண்ணுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு சாதாரணமா? மலாயாவில் வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்ட முதல் தோட்டங்களில் ஒன்று இங்கேதான். 1896 வாக்கில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில். அசகான், தெபோங், காடெக், கெமுனிங் என்று தோட்டப் பெயர்களைச் சொன்னாலே நம்ம ஆட்களுக்குப் பால் வாடை மூக்கில் அடிக்கும். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்ற அம்மாவின் மகள், 1970களிலும் 80களிலும் அதே இருட்டில் பெக்டரி பஸ்ஸுக்கு நின்றாள். அம்மாவுக்குக் கிராணி, மகளுக்கு சூப்பர்வைசர். அம்மாவுக்கு மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. மகளுக்கு மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. ஏர்கான் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலாக்காவில் உட்கார்ந்திருந்த முதல் தலைமுறை அவர்கள்தான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? எலக்ட்ரானிக் பெக்டரிப் பெண்களுக்கு 'மினா காரான்' என்று மலாயில் ஒரு கேலிப் பெயர். சொந்தக் காசில் லிப்ஸ்டிக் வாங்கினால் ஊருக்குப் பொறுக்காது. அந்தக் காசுதான் தம்பி படிப்புக்கும் அக்கா கல்யாணத்துக்கும் போனது என்பது மட்டும் யார் கண்ணிலும் படாது. இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டத்தில் 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது, பி.பி. நாராயணன் போன்ற தலைவர்கள் இருந்தார்கள். எலக்ட்ரானிக் தொழிலில் சங்கத்துக்கே அரசு 1988-ல்தான் வழி விட்டது, அதுவும் அந்தந்தக் கம்பெனிக்குள் அடங்கும் சங்கமாக மட்டும். சம்பளச் சீட்டில் குளிர் இருந்தது, குரல் இல்லை.

அடுத்தது, என் மனசுக்கு மிகப் பிடித்த துண்டு. நெட்வொர்க் வயரைச் செருகியதும் ஓட்டைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு மினுக்குமே, அந்த ஒரு கணத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பேரம்! 1990களில் பத்து மெகாபிட் அட்டையும் நூறு மெகாபிட் அட்டையும் கலந்து கிடந்தன. எதிர்ப்பக்கம் எது என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? நேஷனல் ஒரு வழி கண்டுபிடித்தது, பெயர் என்வே. வயரின் இரண்டு முனையும் முதலில் குட்டிக் குட்டி மின்துடிப்புகளை அனுப்பும். 17 துடிப்பு நேரத்தைக் குறிக்கும். அவற்றின் இடையில் துடிப்பு வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம் என்று 16 பிட் செய்தி.

"அண்ணே, எனக்கு நூறும் வரும், பத்தும் வரும். ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் தெரியும்."

"எனக்கு நூறு வரும் தம்பி. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

"சரிண்ணே, நூறு, ஒவ்வொருத்தரா. ஆரம்பிப்போமா?"

விளக்கு எரியும்! 1995-ல் நூறு மெகாபிட் ஈதர்நெட் தரத்தோடு இந்தப் பேரம் பேசும் முறை பொதுச் சட்டமாகவே ஆகிவிட்டது. இன்றைக்கு உங்கள் வீட்டு ரவுட்டரில் வயரைச் செருகினாலும் அதே பேரம்தான் நடக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு கோர்ட்டுக் கதையும் உண்டு, அதுவும் ருசியானது. இந்த முறையைப் பொதுத் தரத்தில் சேர்க்கச் சொன்னபோது, 1994-ல் நேஷனல் தரக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியது. யார் வேண்டுமானாலும் ஒரே ஒரு தடவை ஆயிரம் டாலர் கட்டினால் போதும், காலாகாலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. ஆயிரம் டாலர்! கம்பெனிகளுக்கு அது காபிக் காசு. உலகமே நம்பி இறங்கியது. காப்புரிமை 1998-ல் வேறொரு கம்பெனிக்குக் கை மாறி, பிறகு நெகோஷியேட்டட் டேட்டா சொல்யூஷன்ஸ் என்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. "ஆயிரமா? யார் சொன்னது?" என்று புது விலை கேட்க ஆரம்பித்தார்கள். 2008 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் தலையிட்டு, பழைய வாக்குப்படி நடக்கக் கட்டுப்படுத்தியது. வாக்குக் கொடுத்தவர் வேறு, காப்பாற்ற வேண்டியவர் வேறு என்றாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம்ம ஊர் நிலப் பத்திரச் சண்டைகளுக்கு அடுத்தபடியாக நான் காட்டும் உதாரணம் இதுதான்.

நேஷனல் நடுவில் செய்த கோமாளித்தனங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1987-ல் ஸ்போர்க் தன் பழைய வீடான ஃபேர்சைல்டையே விலைக்கு வாங்கினார். பத்து வருஷத்தில் அதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். பினாங்கு ஆலை ஃபேர்சைல்டோடு போனது, மலாக்கா நேஷனலோடு நின்றது! 1997-ல் இன்டெலோடு மல்லுக்கட்ட சைரிக்ஸ் கம்பெனியை வாங்கி, இரண்டே வருஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டு விற்றார்கள். தலைவராக இருந்த கில் அமெலியோ 1996-ல் ஆப்பிளுக்குத் தலைவராகப் போனார், ஸ்டீவ் ஜாப்ஸைத் திரும்ப அழைத்து வந்த புண்ணியவான் அவர்தான். பிறகு ஜாப்ஸ் அவரை வெளியே அனுப்பியது தனிக் கதை.

இந்தக் கலாட்டா எல்லாவற்றிலும் நெட்வொர்க் சிப்புகள் அமைதியாக வந்துகொண்டே இருந்தன. நெட்கியர் எஃப்ஏ311 அட்டை ஞாபகம் இருக்கிறதா? அதன் வயிற்றில் இருந்தது நேஷனலின் டிபி83815, செல்லப் பெயர் மேக்ஃபைட்டர். அடுத்து ஃபைட்டர் குடும்பத்து டிபி83848, கையளவு போர்டுகளில், தொழிற்சாலை மெஷின்களில், எங்கே பார்த்தாலும். டிபி83640 ஒரு படி மேலே. வயரின் இரண்டு முனையிலும் உள்ள கடிகாரங்களை நானோ நொடிக் கணக்கில் ஒத்துப்போக வைக்கும். ரோபோக் கைகள் ஒன்றோடொன்று மோதாமல் ஆடுவதற்கு இந்தக் கெடுபிடி தேவை.

2009-ல் நேஷனல் செலவைக் குறைக்க டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் ஆலையையும் சீனாவின் சூசோ ஆலையையும் மூடுவதாக அறிவித்தது. சூசோ போனதும் என்ன மிஞ்சியது? தகடு செய்ய அமெரிக்காவின் மெய்ன் மாநிலமும் ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊரும். பொருத்திப் பரிசோதிக்க அவர்களுக்கென்று சொந்தமாக ஒரே ஓர் இடம்: மலாக்கா! சீனா மூடுகிறது, பத்து பெரண்டாம் நிற்கிறது. அந்த வருஷம் நம்ம ஊர்ப் பத்திரிகைகள் இதை முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

2011 ஏப்ரலில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) வந்தது. 650 கோடி டாலர் தருகிறேன், மொத்தமாகக் கொடு என்றது. செப்டம்பரில் கை மாறியது. வாசல் பலகையும் மாறியது. 1972 முதலே கோலாலம்பூரில் ஆலை வைத்திருக்கும் கம்பெனிக்கு மலாக்கா இரண்டாவது வீடானது. டிபி83848 மட்டும் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. டிபி என்ற நேஷனல் எழுத்துகளோடுதான் இன்றும் டிஐ அதை விற்கிறது, புதிதாகக் கார்களுக்குள் போகும் ஈதர்நெட் சிப்புகளுக்கும் அதே டிபி. 2023 ஜூனில் கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் புது ஆலைகள் கட்டப் போவதாக அறிவித்தார்கள். மலாக்காவுக்கு மட்டும் 500 கோடி ரிங்கிட் வரைக்கும்.

ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டோம், உடுப்பைக் கழற்றுங்கள், பூ வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் ஒரு நடை. இங்கே மண்ணுக்கு அடியில் இன்னொரு பெரிய ஆள் கரையேறுகிறார். 2005 டிசம்பரில் திறந்த சீ-மீ-வீ 4 கடலடிக் கம்பி. சிங்கப்பூரில் தொடங்கிப் பிரான்ஸ் வரைக்கும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர். மலேசியாவில் அது கரையேறுவது மலாக்காவில், இந்தியாவில் சென்னையிலும் மும்பையிலும், இலங்கையில் கொழும்பில். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சென்னைக்கு வீடியோ கால் போட்டுப் பேசுவதற்கு இந்த ஊர்க் கரையிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட்டது எதைக் கொண்டு தெரியுமா? இந்தத் தீபகற்பத்துக் காடுகளில் மரத்தை வெட்டி எடுத்த கட்டாப் பெர்ச்சா பாலைக் கொண்டு. பால் எடுப்பதும் கம்பி இழுப்பதும் இந்த மண்ணுக்குப் பரம்பரைத் தொழில் போலிருக்கிறது.

அந்த டிபி8390 என்ன ஆனது? சிப் எப்போதோ உற்பத்தியிலிருந்து போய்விட்டது. ஆனால் சாகவில்லை! கெமு என்று ஒரு மென்பொருள், கணினிக்குள்ளேயே இன்னொரு பொய்க் கணினியை ஓட்டும். அதற்கு நெட்வொர்க் அட்டை வேண்டும் என்றால் என்இ2000 என்று கேட்கலாம். இல்லாத அட்டை, இல்லாத சிப், இருந்தால் எப்படி நடந்திருக்குமோ அச்சு அசலாக அப்படியே நடிக்கும். புதிதாக ஓர் இயங்குதளம் எழுதிப் பழகுகிறவர்களில் சிலர் இதோடு பேசக் கற்கிறார்கள். லினக்ஸில் இந்தக் குடும்பத்துக்கு டொனால்ட் பெக்கர் ஆரம்பித்து வைத்த டிரைவர் இருக்கிறது. சிப் நிரம்பி வழிந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் ஒரு குறிப்பு: நேஷனல் 1.6 மில்லி நொடி போதும் என்கிறது. அதற்கு அடுத்து, நாம் குறைந்தது பத்து மில்லி நொடி காத்திருப்போம்!